உப்புநீரில் நுரை வராது

கடல் என்ற சொல் தென்பட்டதும் நம் விமரிசகர்களுக்கு ஒருவிதக் கிறக்கம் ஏறிவிடுகிறது. மெல்வில், கான்ராட், ஹெமிங்வே என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பின்னாலேயே எல்லையின்மை, தனிமை, விடுதலை. இப்படி எழுதப்பட்ட கட்டுரைகளை அடுக்கிவைத்துப் படித்தாலும் அவற்றில் ஒரு மனிதன்கூடத் தன் சட்டையைக் கழற்றித் துவைப்பதில்லை. வருடக்கணக்கில் படகிலேயே குடியிருந்தவர்களின் நூல்களுக்கு மதிப்புரை எழுதும்போதும் இதே கதைதான். கேட்டால், "இலக்கியம் என்ன சலவைக் கணக்கா?" என்று ஒரு புன்னகை. அந்தப் புன்னகையோடுதான் எனக்குச் சண்டை.

படகில் குடியிருப்பது என்றால் என்ன என்பதை அழுக்குத் துணியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சூரிய அஸ்தமனத்தை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. சுற்றிலும் நீர்தான். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 35 கிராம் உப்பு. சாதாரணச் சோப்பு அதில் நுரைக்காது. கடல்நீரின் கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து பிசுபிசுத்த கசடாகத் திரிந்து துணியிலேயே படியும். மிகுந்திருக்கும் உப்போ சோப்பைக் கரையவிடாது. (சோப்பு காய்ச்சுகிறவர்கள் கடைசியில் உப்பைப் போட்டுச் சோப்பைப் பிரித்தெடுப்பது இதனால்தான்.) தேங்காயெண்ணெய்ச் சோப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பதால் மாலுமிகளுக்கென்றே அதைச் செய்து விற்றார்கள். இன்றைய செயற்கைச் சலவைத்தூள்களும் உப்புநீரில் ஒருவாறு அழுக்கை எடுத்துவிடுகின்றன.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகு. கடல்நீரில் அலசிய துணி காயவே காயாது. வெயிலில் அப்பளம்போல விறைத்து நிற்கும். பொழுது சாய்ந்ததும் இழைகளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடியும் நசநசக்கும். அதையே உடுத்தி, அதிலேயே படுத்து எழுந்தால், உராயும் இடமெல்லாம் புண்ணாகும். எனவே கடைசி அலசலுக்காவது நன்னீர் வேண்டும். சிறிய பாய்மரப் படகின் தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் அதேதான். கடல்நீரில் கசக்கி, மணிக்கட்டு வலிக்கும்வரை பிழிந்து, பிறகு அரை வாளி நன்னீரில் ஒரு முக்கு. அந்த அரை வாளியிலேயே அடுத்த உருப்படியும், அதற்கடுத்ததும். எந்தச் சட்டைக்கு முதல் தண்ணீர், எதற்குக் கடைசித் தண்ணீர் என்று தீர்மானிப்பது அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர், இரண்டு பேர் அடைபட்ட ஓர் அறையில் என்ன வகையான நாடகம் நிகழும் என்பதை யோசித்ததே இல்லை.

கடலெழுத்தாளர்கள் இதை எழுதாமல் விட்டார்களா என்றால், இல்லை. வாசகர்கள்தான் விட்டார்கள். மெல்வில் 1843-44இல் அமெரிக்கப் போர்க்கப்பலொன்றில் பணிசெய்தவர். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'வொயிட் ஜாக்கெட்' 1850இல் வெளிவந்தது. அதில் துவைக்கும் நாளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் ஐந்நூறு பேர் தளமெங்கும் மண்டியிட்டு, தத்தம் தூங்குமஞ்சத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். விரித்துப்போட இடமில்லாமல் முட்டிக்கொள்கிறார்கள். அடுத்தவன் நுரையை இவன் எடுத்துக்கொண்டான் என்று சச்சரவு. வரிசையாகத் தொங்கும் அப்பழுக்கற்ற வெண்மை கரையிலிருந்து பார்ப்பவருக்கு எத்தனை அழகு! ஒழுங்கு என்பது எவருடைய முழங்காலில் நிற்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியுமா? அடுத்த ஆண்டு வந்த 'மோபி டிக்'கில் வெண்மையைப் பற்றிய தத்துவ அத்தியாயத்தை மேற்கோள் காட்டாத விமரிசகர் இல்லை. அதே நாவலில், எண்ணெய் காய்ச்சி முடிந்தபின், திமிங்கிலத்தின் எரிந்த சக்கையின் சாம்பலிலிருந்தே காரநீர் எடுத்துக் கப்பலைக் கழுவுகிறார்கள். குளித்து உடைமாற்றி நிமிர்வதற்குள் அடுத்த திமிங்கிலம் தென்பட்டுவிடுகிறது. எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. அந்த நாவலின் மிக ஆழமான பக்கங்களில் ஒன்று அது என்பது என் துணிபு.

1834இல் கலிபோர்னியாவுக்குத் தோல் ஏற்றும் கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்த ரிச்சர்ட் ஹென்றி டானாவும் அப்படித்தான். 1840இல் வெளிவந்த அவருடைய நூலில், வெப்பமண்டல மழையை மாலுமிகள் தளத்திலேயே தேக்கித் துணிகளையும் தங்களையும் தேய்த்துக் கழுவிக்கொள்ளும் ஒரு காட்சி உண்டு. கொண்டாட்டமான பக்கம். நன்னீர் எவ்வளவு பெரிய சுகம் என்பது அந்தக் கும்மாளத்தில் தெரிகிறது. நம்மவர்கள் அந்த நூலிலிருந்து எடுத்துப் பேசுவது கசையடிக் காட்சியை மட்டுமே. அதுவும் பேசத்தக்கதே, மறுக்கவில்லை. ஆனால் கசையடியை வாசிக்கத் தெரிந்த கண்ணுக்கு நுரையை வாசிக்கத் தெரியாமல் போனது ஏன்?

"இலக்கியம் தேர்ந்தெடுப்பது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை" என்ற பதில் வருமென்று தெரியும். சரி. எது தேர்ந்தெடுக்கப்படுகிறது, எவர் கண்ணால் என்பதுதானே கேள்வி? துவைப்பதை வேறொருவர் செய்துவிடும் வீடுகளில் வளர்ந்த கண் அது. நம்மிடையே அந்த வேறொருவருக்கு ஒரு சாதிப்பெயரையே வைத்து, ஊரின் ஓரத்தில் குடியமர்த்தியிருந்தோம். அப்படிப்பட்ட சமூகத்திலிருந்து வரும் விமரிசகர், துவைப்பதை 'விவரம்' என்றும் தனிமையை 'தரிசனம்' என்றும் பிரிப்பதில் வியப்பில்லை. வியப்பு, அதை அழகியல் என்று நம்மிடமே விற்பதுதான்.

குடும்பமாகப் படகில் வாழ்ந்தவர்களிடம் வந்தால் இது இன்னும் அப்பட்டமாகும். இங்கிலாந்தின் கால்வாய்களில் ரயிலின் போட்டியால் சரக்குக் கூலி சரிந்தபோது, படகோட்டிகள் வீட்டு வாடகையையும் ஆள்கூலியையும் மிச்சப்படுத்த மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். ஏழடி அகலமுள்ள படகு. அதன் பின்கோடியில் ஏறக்குறைய பத்தடி நீள அறை. அதற்குள் அடுப்பு, படுக்கை, குழந்தைகள். நெரிசலைக் கட்டுப்படுத்த 1877இலும் 1884இலும் சட்டங்கள் இயற்றவேண்டி வந்தது. கூலி படகின் தலைவனுக்கு மட்டும். அவள் சுக்கான் பிடித்தாள், மதகுகளைத் திறந்தாள், சமைத்தாள். நிறுத்திய இடத்தில் கரையோரம் தொட்டியை இறக்கித் துவைத்தாள். ஏற்றிச்சென்ற சரக்கு பெரும்பாலும் நிலக்கரி என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காயப்போட்ட துணிமேல் எது வந்து படியும் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தப் படகுகளிலிருந்து இன்று எஞ்சியிருப்பது எது தெரியுமா? அறையின் கூரைமேல் நிற்கும் தண்ணீர்க் குடம். ரோஜாக்களும் கோட்டைகளும் தீட்டிய அழகான தகரக் குடம். நாட்டார் கலை என்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஒரு குடும்பத்தின் நன்னீர் முழுதும் அதற்குள்தான் இருந்தது என்பது ரோஜாவைப் பார்ப்பவருக்குத் தோன்றுவதில்லை.

எல். டி. சி. ரோல்ட்டின் 'நேரோ போட்' (1944) நல்ல நூல். கால்வாய்களைக் காக்க ஓர் இயக்கமே பிறக்க அது காரணமாயிற்று. ஆனால் இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போதாமல் சரக்குப் படகுகளை ஓட்டப்போன பெண்கள் எழுதியவை, சூசன் உல்ஃபிட்டின் 'ஐடில் விமன்' (1947), எம்மா ஸ்மித்தின் 'மெய்டன்ஸ் ட்ரிப்' (1948), ஏன் நம் பட்டியல்களில் ஏறுவதில்லை? ரசனையின் முன்னால் ரோல்ட்டை வைத்தவர்கள் இவர்களை 'போர்க்கால நினைவு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இன்றைய படகுவாசிகளின் காணொளிகளும் இந்த மரபின் வாரிசுகளே. கடல்நீரை நன்னீராக்கும் கருவி பல படகுகளில் வந்துவிட்டது. எதிர்ச்சவ்வூடு பரவல் என்கிறார்கள். 55 முதல் 60 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் நீரைச் சவ்வின் வழியே தள்ளவேண்டும். அதற்கு மின்சாரம், பராமரிப்பு, பணம். இல்லாதவர்கள் அழுக்கு மூட்டையைச் சிறுதோணியில் ஏற்றிக் கரைச் சலவைக்கூடத்துக்குப் போகிறார்கள். திரும்பும்போது அலை தெறித்தால் போச்சு, மறுபடி உப்பு. பணக்காரப் படகுத்துறைகள் பலவற்றில் கம்பியில் துணி காயப்போடுவதற்கே தடை, காட்சி கெடுகிறதாம். நம் விமரிசகர்களும் அந்தத் துறைகளின் நிர்வாகிகளும் ஒரே விதியில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

அடுத்து ஒரு கடல் நாவலுக்கு மதிப்புரை எழுதப்போகும் நண்பரிடம் ஒரு கோரிக்கை. விடுதலை பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்தப் படகின் நன்னீர்த் தொட்டி எத்தனை லிட்டர், அதில் கடைசித் தண்ணீர் எவருடைய துணிக்குக் கிடைத்தது என்ற இரண்டையும் நாவலில் தேடிப்பார்த்துவிட்டு எழுதுங்கள்.