இரத்தப் பொரியலும் எருசலேம் சங்கமும்

சென்ற ஆண்டு சூன் மாதம், என் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் புனித அந்தோணியார் திருவிழா. நேர்ச்சையாக வந்த ஆடுகளை அறுத்துப் பொது விருந்து வைத்தனர். கறி பெரிய அண்டாக்களில் வெந்தது. குடலும் இரத்தமும் வழக்கம்போல் தெற்குத் தெருவாருக்கு என ஒதுக்கப்பட்டன. அத்தெருவின் மூதாட்டி ஒருவர், உப்பிட்ட சட்டியில் ஏந்திய இரத்தம் ஈரல்போல் உறைந்ததும் துண்டாக்கி, மஞ்சளிட்டு வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ சேர்த்துப் பொரித்து, தூக்குச்சட்டி நிறையப் பந்திக்குக் கொண்டு வந்தார். விழாக் குழுவினர் ஒருவர், அம்மூதாட்டிக்கு மகன் வயதுடையவர், "இதெல்லாம் இங்க எதுக்கு? எடுத்துட்டுப் போ" என்றார். நான் காரணம் கேட்டேன். "இரத்தம் சாப்பிடக் கூடாதுன்னு பைபிள்லயே இருக்கு, சாமி" என்று விடை வந்தது.

விவிலியத்தில் இருப்பது உண்மைதான். உயிர் இரத்தத்தில் உள்ளது, உயிர் இறைவனுக்கே உரியது, ஆகவே இரத்தத்தை உண்ணலாகாது என்பது லேவியர் நூல் 17ஆம் அதிகாரத்தின் கட்டளை. திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்தில், எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் பிற இனத்துக் கிறிஸ்தவர்களுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று விடுதலை தந்து, சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்டவை, பரத்தைமை ஆகியவற்றை விலக்கச் சொன்னார்கள். தொடக்கத் திருச்சபை இதை விளையாட்டாகக் கொள்ளவில்லை. 177இல் லியோன் நகர மறைசாட்சிகளுள் ஒருவரான பிபிலிஸ், விலங்கின் இரத்தத்தையும் உண்ணாத நாங்கள் குழந்தைகளைத் தின்போமா என்று துன்புறுத்தியோரிடம் கேட்டதாக யூசேபியஸ் எழுதி வைத்துள்ளார்.

ஆனால், இரத்தத்தைச் சுட்டிய விரல் அடுத்த சொல்லையும் சுட்ட வேண்டாமா? கழுத்து நெரிக்கப்பட்டவை! நம் ஊர்களில் விருந்தாளி வந்தால் நாட்டுக்கோழியை எப்படிக் கொல்கிறோம்? கழுத்தைத் திருகித்தான். அப்படிப்பட்ட கோழிக் குழம்பை மேற்படி விழாக் குழுவினர் வீட்டிலேயே நான் உண்டிருக்கிறேன். எவரும் விவிலியத்தைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, குழம்பு நன்றாக இருந்தது.

புனித அகுஸ்தினார் ஏறத்தாழ 400ஆம் ஆண்டளவில் மணிக்கேயரான பவுஸ்துவுக்கு எதிராக எழுதுகையில் இதைத்தான் பேசினார். கழுத்தில் அடித்துக் கொன்ற முயலை உண்ணத் தயங்குபவனைத் தம் காலத்து மக்கள் நகைப்பார்கள் என்றார். யூதரும் பிற இனத்தாரும் ஒன்றுபட்டு வாழ்வதற்காக அக்காலத்திற்கென இடப்பட்ட எளிய விதி அது; அத்தேவை முடிந்ததும் விதியும் முடிந்தது என்பது அவர் விளக்கம். 1442இல் புளோரன்சு பொதுச்சங்கம் அதையே திருச்சபையின் போதனையாக அறிவித்தது. கீழைத் திருச்சபையில் 692ஆம் ஆண்டுச் சங்கம் இரத்த உணவைத் தடுத்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விதி நம்மைக் கட்டாது.

இரு மக்களை ஒரே பந்தியில் அமர்த்துவதற்கென்று பிறந்த விதியை எடுத்து, ஒரே பங்கு மக்களை இரு பந்தியாக்கப் பயன்படுத்துகிறோம். இதைவிடத் தலைகீழான விவிலிய விளக்கத்தை நான் குருமடத்திலும் கேட்டதில்லை.

இரத்தம் உண்பது பாவமானால் அந்தப் பாவிகளின் பட்டியல் நீளமானது. 1838 முதல் மதுரை மறைத்தளத்திற்கு வந்த பிரெஞ்சு இயேசு சபையினரின் நாட்டில் பன்றி இரத்தத்தைக் குடலில் அடைத்து 'பூதென்' என்று உண்கிறார்கள். கோவாக் கத்தோலிக்கர் கிறிஸ்துமசுக்குச் சமைக்கும் 'சொர்ப்பொத்தேல்' பன்றி இரத்தம் சேர்த்துச் செய்யும் பழக்கமுடையது. பிலிப்பைன்சில் 'தினுகுவான்' கத்தோலிக்க வீடுகளின் விருந்துணவு. மேகாலயத்தின் காசி மக்கள் பன்றி இரத்தத்தில் சோறு சமைக்கிறார்கள். இவர்களிடம் போய் நம் குழுவினர் 'எடுத்துட்டுப் போ' என்பார்களா?

சொல்ல மாட்டார்கள். ஏனெனில் தடை இரத்தத்தின் மேல் இல்லை. அதைச் சமைத்த கையின் மேல் இருக்கிறது. கறியைத் தமக்கு வைத்துக்கொண்டு கழித்ததைக் கொடுத்தார்கள். கொடுத்ததையே உண்டதற்காக இழிவாகவும் பேசினார்கள். இதே பொரியலை நகரத்து மெஸ்ஸில் பலகையில் எழுதி, காசு வாங்கி இலையில் வைத்தால் நம்மவர் மறுவாட்டியும் கேட்கிறார்கள். நம் மாவட்டத்து இறையூரில் 2022 டிசம்பரில், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததை மாவட்ட ஆட்சியரே நேரில் கண்டார். அது வேற்றாருடைய பாவம் என்று நாம் பெருமூச்சு விட வேண்டாம்.

தூய்மையை எண்ணித்தான் மறுத்தோம் என்பாரும் உளர். இரத்தம் விரைவில் கெடும் பொருள். நலமான ஆட்டினுடையதாய், உடனே சமைத்ததாய் இருக்க வேண்டும். வியட்நாமில் பன்றி இரத்தத்தைப் பச்சையாக உண்டு கொடுநோய் கண்டவர்கள் உண்டு. மூதாட்டியின் பொரியலோ வெந்து, உதிர்ந்து, மீண்டும் எண்ணெயில் வறுபட்டது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்குமேல் இரத்தசோகை உடையோர் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்புச் சத்து மிகுந்த உணவை அருவருப்பென ஒதுக்கும் செல்வம் நமக்கு இருக்கிறதா?

இன்னொருவர், உரோமையர் 14ஆம் அதிகாரத்தைக் காட்டினார்: சகோதரனுக்கு இடறலானதை உண்ணாதே என்று பவுல் சொல்லவில்லையா? சொன்னார், வலுவற்றவரின் மனச்சான்றைக் காக்கும்படி வலியவரிடம் சொன்னார். நம் விருந்தில் வலியவர் யார்? அண்டாவின் அகப்பையைக் கையில் வைத்திருந்தவரா, தூக்குச்சட்டியுடன் நின்றவரா? அதே பவுல், ஆண்டவரின் விருந்துக்கு வந்த இல்லாதவர்களை வெட்கப்படுத்திய கொரிந்தியரை எப்படிச் சாடினார் என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும். பிடிக்காதவர் உண்ண வேண்டாம். நாக்கு அவரவர் உடைமை. உண்பவரைப் பந்தியிலிருந்து எழுப்பும் உரிமை எவருக்கும் இல்லை.

இவ்வளவு எழுதும் நான் அன்று செய்தது என்ன? காரணம் கேட்டதோடு நின்றேன். மூதாட்டி ஒன்றும் பேசாமல் சட்டியுடன் திரும்பினார். நான் முதல் பந்தியில் உண்டுவிட்டு வந்தேன். மறுவாரம் அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சாமி, எங்களுக்குப் புதுசா?" என்றார். இவ்வாண்டுத் திருவிழாவில் இரத்தமும் குடலும் பொது அடுப்பிலேயே வேகவேண்டும், எல்லாத் தெருவாரும் சேர்ந்தே பரிமாறவேண்டும் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை மறுமொழி வரவில்லை.