நெடுவழி மிதிவண்டிக்கு ஏற்ற பற்சக்கரம்

சங்கரன்கோவிலினின்று ஆடி மாதத்தில் தென்காசி நோக்கி மிதிவண்டி செலுத்தியோர், செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்துவரும் மேல்காற்று மலையேற்றத்தினும் கொடிதென்பதை நன்கறிவர். ஏற்றமாவது ஓரிடத்தில் முடியும். காற்றோ வழிமுழுதும் எதிர்நிற்கும்.

நம் நாட்டுச் சாதாரண வண்டியில் முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்ற வண்டி சுமார் 5½ மீட்டர் ஓடும். சமவெளியில் இது நன்றே; எதிர்காற்றிலோ முழங்கால் நோவெடுக்கும். பின்னே 22 பல் பூட்டின் ஏறக்குறைய 4½ மீட்டரே ஓடும். வேகம் குறையும், மூட்டுப் பிழைக்கும். இனி, கியர் வண்டி வாங்குவோரும் பந்தயக்காரர்க்குரிய பெருஞ்சக்கரத்தையே நாடுவது நமக்கு வியப்பாயிருக்கின்றது. நெடுந்தூரம் செல்வார்க்கு முன் 30, பின் 34 போன்றதொரு தாழ்ந்த படி இன்றியமையாததென்போம்.

அதனை மெலியார்க்குரியதென்று இகழ்வாருமுளர். இவ்விகழ்ச்சி பழையது. 1903-இல் தொடங்கிய தூர் த பிரான்சுப் பந்தயம், சங்கிலியைச் சக்கரம் மாற்றும் கருவியை வீரர் அனைவர்க்கும் 1937-இலேதான் அனுமதித்தது. 1930-இல் மறைந்த பால் த விவீ என்னும் பிரெஞ்சுக்காரரோ, பலபடிச் சக்கரங்களோடு மலைகளைக் கடந்து காட்டி, அவற்றிற்காக நெடுங்காலம் வாதாடினார்.

சுற்றூர்களினின்று சுமையோடு வரும் வியாபாரியும், பள்ளிக்கு வரும் மாணவியும் காற்றுக்காலத்தில் வண்டியைத் தள்ளி நடப்பது கால்வலிமைக் குறைவாலன்று. வாங்குங்காலத்தில் அவர்க்குப் பல்லெண்ணிச் சொல்வாரில்லாமையால்.