பிரவுசரைத் திறந்தாலே பாஸ்வேர்டும் திறந்துவிடுகிறதா?

“மச்சி, அஞ்சு நிமிஷம் லேப்டாப் கொடு, டிக்கெட் புக் பண்ணிட்டுத் தர்றேன்.” ரூம்மேட் இப்படிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஆனால், கைமாறுவது லேப்டாப் மட்டும் அல்ல. பிரவுசரில் ‘சேவ்’ செய்துவைத்த பாஸ்வேர்டுகளும் கூடவே போகின்றன.

சாவி யாரிடம்?

பிரவுசர்கள் பாஸ்வேர்டுகளை என்கிரிப்ட் செய்துதான் சேமிக்கின்றன. சிக்கல், அந்தப் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பதில்தான். விண்டோஸில் ஒருமுறை லாகின் ஆகிவிட்டால், எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் உரிமையாளர் என்று குரோம் நம்பிவிடும். தளங்களில் பாஸ்வேர்டு தானாக நிரம்பும். ஃபயர்பாக்ஸிலோ பாஸ்வேர்டு ஃபைலும் சாவி ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருக்கும். தனிப் பூட்டு போடாவிட்டால், இரண்டையும் காப்பி செய்து வேறு கணினியில் திறந்துவிடலாம்.

2013-ல் சேமித்த பாஸ்வேர்டுகளை எந்தக் கேள்வியும் கேட்காமல் குரோம் காட்டியது சர்ச்சையானது. கணினியே திறந்து கிடக்கும்போது பிரவுசரில் போடும் பூட்டு பொய்யான தைரியத்தையே தரும் என்பது அப்போது குரோம் தரப்பின் வாதம். கைதேர்ந்த திருடனுக்கு அது சரி. ஆனால், பெரும்பாலானவர்களுக்கு ஆபத்து பக்கத்து சீட்டிலிருந்து, ‘சும்மா பார்ப்போமே’ என்ற ஆர்வத்தில்தான் வருகிறது. அதைத் தடுக்கச் சின்னப் பூட்டு போதும்.

என்ன செய்யலாம்?

ஃபயர்பாக்ஸ்: செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதிக்குப் போய் ‘பிரைமரி பாஸ்வேர்டு’ வையுங்கள். பிரவுசரைத் திறந்து, சேமித்த பாஸ்வேர்டு முதல்முறை தேவைப்படும்போது அது கேட்கும். தளங்களில் பாஸ்வேர்டு நிரப்ப, மூடும்வரை மறுபடி கேட்காது. மறந்துவிட்டால் மீட்க வழியில்லை. ரீசெட் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அழிந்துவிடும்.

குரோம்: இதில் இப்படித் தனிப் பூட்டு கிடையாது. விண்டோஸில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் செட்டிங்ஸுக்குப் போய், பாஸ்வேர்டு நிரப்பும்போது ‘விண்டோஸ் ஹலோ’ கேட்கும் வசதியை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பின்னோ கைரேகையோ கேட்கும்.

இரவல் கொடுக்கும்போது: குரோமில் ‘கெஸ்ட்’ விண்டோவைத் திறந்து கொடுங்கள். சேமித்த பாஸ்வேர்டும் ஹிஸ்டரியும் அதில் தெரியாது. இது நம்பிக்கையானவர்களுக்கு மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் உங்கள் புரொஃபைலுக்கு மாறுவதை அது தடுக்காது.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் ஜிமெயிலை எந்த பாஸ்வேர்டு பூட்டும் காக்காது. டீ குடிக்க எழுந்தால் விண்டோஸ் கீயையும் ‘எல்’ கீயையும் சேர்த்து அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். இமெயிலுக்கும் வங்கிக் கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும்.

புதிதாக எங்கே லாகின் செய்தாலும் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா?’ என்று பிரவுசர் ஓடிவந்து கேட்கிறது. ‘அதைப் பூட்டி வைக்கட்டுமா?’ என்றும் அதே இடத்தில் கேட்க வேண்டும். பூட்டை செட்டிங்ஸின் மூலையில் ஒளித்துவைத்துவிட்டு, கவனமாக இருங்கள் என்று பயனாளருக்குப் பாடம் எடுப்பது நியாயமில்லை. அதுவரை, அந்தப் பூட்டை நாமே தேடிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.