வீழ்ந்த விமானம் யாருடைய சொத்து?

இரண்டாவது மகாயுத்தம் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், அப்போரில் வீழ்ந்த விமானங்கள் யாருக்கு உரியவை என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அவ்வழக்கின் தன்மையை இரு விமானங்களின் வரலாறு விளக்கும் என எண்ணுகிறேன். இரண்டும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றிலும் சென்றவர்கள் ஒன்பதின்மர்.

1943 ஏப்ரல் 4ஆந் திகதி லிபியாவிலிருந்து நேப்பிள்ஸ் நகரைத் தாக்கச் சென்ற 'லேடி பீ குட்', திரும்பும் வழியில் தன் தளத்தையும் கடந்து பாலைவனத்துள் வெகுதூரம் சென்று வீழ்ந்தது. 1958இல் எண்ணெய் தேடிச் சென்றோர் அதனை வானிலிருந்து கண்டனர். பரசூட்டின் மூலம் குதித்தவர்களிற் பெரும்பாலோர் நீரின்றி நடந்து மாண்டமை பின்னரே தெரியவந்தது. 1960இல் எண்மரின் உடல்கள் மீட்கப்பட்டன. ஒருவரின் உடல் கிடைக்கவேயில்லை. விமானத்தின் சிதைவுகளோ லிபியாவிலேயே தங்கின.

மற்றையது 'சதுப்புநில ஆவி' எனப் பின்னர் பெயர்பெற்றது. 1942 பெப்ரவரி 23ஆந் திகதி, யப்பானியர் வசமிருந்த ரபாவுலைத் தாக்கிவிட்டு எரிபொருள் குன்றியமையால், நியூகினியின் சதுப்பொன்றில் இறங்கியது. ஒன்பதின்மரும் உயிர் தப்பினர். கிராமத்தவரின் உதவியாற் கரைசேர்ந்தனர். 2006இல் அமெரிக்கர் சிலர் விமானத்தைப் பிரித்து ஹெலிகொப்டரில் தூக்கிச் சென்றபோது, பப்புவா நியூகினியில் எதிர்ப்பெழுந்தது. பாராளுமன்றக் குழு விசாரித்தது. லே துறைமுகத்தில் நான்காண்டுகள் முடங்கியிருந்த அது, 2010இற் கப்பலேறி, 2013இல் பேர்ள் துறைமுக நூதனசாலையை அடைந்தது.

சதுப்பில் விட்டிருந்தால் துருப்பிடித்தும் களவாடப்பட்டும் அழிந்திருக்கும் என்பது மீட்டோரின் வாதம். அதனை முற்றாக மறுக்கமுடியாது. ஆனால், காப்பாற்றுவது ஒன்று, கொண்டுசெல்வது வேறொன்று. மாண்டவர் இருப்பின் அவ்விடம் கல்லறை. அங்கே முதலுரிமை அவர்தம் உறவினர்க்கு. எவரும் மாளாதவிடத்து, அம்மண்ணுக்கும், உயிர் காத்த மக்களுக்கும் அன்றோ முதற்குரல் இருக்கவேண்டும்?

இது நமக்குப் புறக்கதையன்று. 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது, இருதரப்பு விமானங்களும் இங்கே வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றின் துண்டு நாளை மண்ணிலிருந்தோ கடலிலிருந்தோ வெளிப்படுமாயின், அதன் விலையை விசாரிக்குமுன், அதிற் சென்றவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் விசாரிக்கவேண்டும்.