பணம் அனுப்பும் அப்பாவின் பெயர் எந்தப் பக்கத்தில் வரும்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது ஐம்பது வயது. குளித்தலையில் தையல் கடை வைத்திருக்கிறான். நான்கு மெஷின், தீபாவளி நேரத்தில் கூடுதலாக இரண்டு ஆள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், வேலைக்குப் போற பிள்ளைக்கு அப்பன்காரன் மாசாமாசம் பணம் அனுப்பணும்னா, அது என்ன வேலை?"

அவன் மகள் சென்னையில் ஃபேஷன் படித்தாள். பிறகு பேங்க் லோன் போட்டு லண்டனில் முதுகலை முடித்தாள். படிப்பு முடிந்த பிறகும் அங்கே தங்கி வேலை பார்க்க விசா இருக்கிறது. ஒரு ஃபேஷன் பத்திரிகையில் மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், காலை பத்து மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை. சம்பளம் கிடையாது, ரயில் செலவுகூடக் கிடையாது. "அனுபவம் கிடைக்கும், இதழில் பெயர் வரும், பெரிய ஆட்களைச் சந்திக்கலாம்" என்று மெயிலில் எழுதியிருக்கிறார்கள். பத்திரிகையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் மட்டும் செய்வதாக இருந்தால் எழுதியிருப்பேன்.

இது பெரிய கம்பெனிப் பத்திரிகை இல்லை. 'இண்டிபெண்டன்ட் மேகசின்' என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிற வகை. யாருக்கும் கைகட்டி நிற்காதவர்கள், வியாபாரத்துக்கு வளையாதவர்கள் என்று பெயர். அந்தப் பெயரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

"டீச்சருக்கும் ஃபேஷனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். முப்பத்து நாலு வருஷம் ஆறு கஜம் காட்டன் புடவையைத் தவிர வேறு எதையும் கட்டாதவள்தான் நான். ஆனால் போன வருஷம் என் மகள் வீட்டில், ஈஸ்ட்ஹாமில், நாலு மாதம் இருந்தேன். வெளியே குளிர், உள்ளே எனக்கு வேலை இல்லை. இந்தப் பெண் வாராவாரம் வந்து பார்ப்பாள். "டீச்சர் பாட்டி, இதைப் பாருங்க" என்று ஒரு பை நிறையப் பழைய இதழ்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். புதிதாக வாங்கினால் ஒவ்வொன்றும் நம் ஊரில் ஒரு வாரக் காய்கறிக்கு ஆகும் பணம். கனமான தாள், ஒரு பக்கத்தில் இரண்டே வரி, மிச்சம் வெள்ளை. படித்தேன். அவளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் வோக் பத்திரிகையில் கலை இயக்குநராக இருந்த டெர்ரி ஜோன்ஸ் வெளியே வந்து 1980-ல் 'ஐ-டி' என்ற இதழைத் தொடங்கினார். முதல் இதழ் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்தது. விலை 50 பென்ஸ். அதில் மாடல் அழகிகள் கிடையாது. தெருவில் போகிற பையனையும் பெண்ணையும் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்து, என்ன உடுத்தியிருக்கிறாய், எங்கே வாங்கினாய் என்று கேட்டு எழுதினார்கள். அதே வருஷம் நிக் லோகன் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டு 'தி ஃபேஸ்' தொடங்கினார். 1992-ல் ஒரு பாடகர் போட்ட அவதூறு வழக்கில் தோற்று 'தி ஃபேஸ்' மூடப்படும் நிலைக்கு வந்தபோது வாசகர்கள் காசு சேர்த்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். வாசகன் பணம் கொடுத்துக் காப்பாற்றிய பத்திரிகையைச் சுதந்திரப் பத்திரிகை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன்.

அப்போது கதவும் திறந்திருந்தது. கானாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். அம்மா தையல்காரர். அந்த வீட்டுப் பையன் எட்வர்ட் என்னின்ஃபுல் பதினாறு வயதில் லண்டன் ரயிலில் போகும்போது ஒரு ஸ்டைலிஸ்ட் கண்ணில் பட்டான். பதினெட்டு வயதில் ஐ-டி-யின் ஃபேஷன் இயக்குநர். 2017-ல் பிரிட்டிஷ் வோக்கின் ஆசிரியர். தையல்காரர் மகன் வோக் ஆசிரியர் ஆனான் என்று இந்தப் பெண்தான் கண்ணில் வெளிச்சத்தோடு எனக்குச் சொன்னாள். அவள் அப்பாவும் தையல்காரர்தானே!

ஆனால் அந்தக் கதையைக் காட்டித்தான் இன்றைக்கு இலவசமாக வேலை வாங்குகிறார்கள்.

தி ஃபேஸை 1999-ல் ஒரு பெரிய பதிப்பகம் வாங்கியது, 2004-ல் மூடியது, 2019-ல் வேறு கைகளில் மறுபடியும் திறந்தார்கள். ஐ-டி 2012-ல் வைஸ் மீடியாவுக்குப் போனது. 2023-ல் கார்லி க்ளாஸ் என்ற மாடலின் நிறுவனம் வாங்கியது. 1991-ல் கல்லூரிப் பையன்கள் இருவர் தொடங்கிய 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' இன்று ஒரு மீடியா நிறுவனம். பெரிய பிராண்டுகளுக்கு விளம்பரம் தயாரித்துக் கொடுக்க அதற்குத் தனிப் பிரிவே உண்டு. வியாபாரம் செய்வது பாவம் என்று நான் சொல்லவில்லை. எந்த பிராண்டின் பணத்தில் விளம்பரம் செய்து கொடுக்கிறோமோ, அதே பிராண்டின் உடுப்பைப் பற்றி அடுத்த பக்கத்தில் என்ன எழுதுவோம்? இதைக் கேட்டால் மட்டும் அவர்களுக்குக் கோபம் வருகிறது. புகழ்ச்சி இருக்கும், இல்லையென்றால் புரியாத வார்த்தைகள் இருக்கும். "இந்தச் சட்டை நன்றாக இல்லை" என்ற ஒரு வரியை அந்தப் பை நிறைய இதழ்களில் தேடினேன், கிடைக்கவில்லை.

ஏன் எழுதுவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த உலகத்தில் ஃபேஷன் ஷோ டிக்கெட்தான் ஜாதகம். யார் முதல் வரிசை, யார் மூன்றாம் வரிசை, யார் பின்னால் நிற்க வேண்டும் என்பதை அந்தக் கம்பெனியின் ஆட்கள் முடிவு செய்கிறார்கள். குறை எழுதினால் அடுத்த சீசன் அழைப்பு வராது. 2012-ல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் கேத்தி ஹோரினுக்கு செயின்ட் லோரான் ஷோவுக்கு அழைப்பு அனுப்பவில்லை. அவர் படங்களைப் பார்த்தே விமர்சனம் எழுதினார். அவருக்குப் பின்னால் நியூயார்க் டைம்ஸ் இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. சம்பளமே இல்லாமல் ஓர் இதழுக்கு எழுதுகிற இருபத்து நாலு வயதுப் பெண் எதை நம்பி எழுதுவாள்?

இதில் வெஸ்டோய் என்ற இதழை விலக்காகச் சொல்ல வேண்டும். 2009-ல் தொடங்கியது, விளம்பரம் வாங்குவதில்லை, லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷன் ஆதரவில் நடந்தது. 2017 ஜூலையில் அவர்கள் லூசிண்டா சேம்பர்ஸ் என்பவரின் பேட்டியைப் போட்டார்கள். 36 வருஷம் வோக்கில் இருந்தவர், அதில் 25 வருஷம் ஃபேஷன் இயக்குநர். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா மனசில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டார். ஓர் அட்டைப்படம் மட்டமானது என்றும், அந்த உடுப்புக்காரர் பெரிய விளம்பரதாரர் என்பதால்தான் அதைச் செய்ய வேண்டி வந்தது என்றும் சொன்னார். வோக்கைத் தானே பல வருஷமாகப் படிக்கவில்லை என்றார். பேட்டி வெளியானது, எடுக்கப்பட்டது, மறுபடியும் போடப்பட்டது. பிறகு வோக் நிறுவனத்தின் சார்பிலும் புது ஆசிரியர் சார்பிலும் வக்கீல்கள் கேட்டுக்கொண்டதால் திருத்தப்பட்டது. புது ஆசிரியர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே தையல்காரர் மகன்தான்.

அந்தப் பேட்டிக்கு வைத்த தலைப்பு, எனக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பது. முப்பத்தாறு வருஷம் உச்சியில் இருந்தவர்! பதவி போனதும் இனி ஷோவுக்குள் விடுவார்களா என்ற பயம். நான் ஓய்வு பெற்ற மறுநாள் பள்ளிக்கூடத்து வழியாகப் போனேன். கேட்டுக்கு உள்ளேயிருந்து சத்துணவு ஆயா "வாங்க டீச்சர், சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். எது மரியாதையான தொழில் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். மாணவனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். பிரிட்டனில் குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்கிறவர், இன்டர்ன் என்று பெயர் வைத்தாலும் சட்டப்படி தொழிலாளி. குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். படிப்பின் பகுதியாகக் கல்லூரி அனுப்பினால் விலக்கு உண்டு. இவளோ படிப்பை முடித்துவிட்டாள். 2025 ஏப்ரலில் வைத்த கூலி, 21 வயது முடிந்தவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 45 மணி, 12 வாரம், ஆக 540 மணி. பெருக்கினால் 6,593 பவுண்டு. நம் பணத்தில் ஏழு லட்சத்துக்கு மேல்.

மாணவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பிளவுஸுக்குக் கூலியை இருபது ரூபாய் ஏற்றினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிற ஊரில் தைக்கிறவன். ஏழு லட்ச ரூபாய் மதிப்புள்ள உழைப்பை லண்டன் பத்திரிகைக்கு நன்கொடையாகக் கொடுத்து, அதற்கு மேல் மகளின் வாடகையையும் சாப்பாட்டையும் இவனே கட்ட வேண்டும். கேட்டால் சுதந்திரப் பத்திரிகை! விளம்பரதாரரைச் சார்ந்து இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே வேலை செய்கிற பிள்ளைகளின் அப்பாக்களைச் சார்ந்து நிற்கிறது. புகைப்படக்காரர், முடி அலங்கரித்தவர், உடுப்பு கொடுத்த கம்பெனி எல்லார் பெயரும் அச்சில் வரும். இந்த அப்பாவின் பெயர் எந்தப் பக்கத்தில் வரும்?

அவள் செய்யப்போகிற வேலையையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதழின் கடிதத்தைக் காட்டிக் கம்பெனி அலுவலகங்களில் உடுப்பு இரவல் வாங்க வேண்டும். பைகளைத் தூக்கி வர வேண்டும், ஆவியில் சுருக்கம் எடுக்க வேண்டும், படப்பிடிப்பு முடிந்ததும் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கறைபட்டால் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் சலவைக்காரரும் கடைப் பையனும் செய்கிற வேலை. அவர்களுக்கு நாம் கூலி கொடுக்கிறோம்.

"சின்னப் பத்திரிகை, காசுக்கு எங்கே போவார்கள்?" என்று ஒரு நண்பர் நேற்று போனில் கேட்டார். காகிதக்காரருக்குக் கொடுக்கிறார்கள். அச்சகத்துக்குக் கொடுக்கிறார்கள். கூரியருக்கும் ஸ்டுடியோ வாடகைக்கும் வெளியீட்டு விழா மதுவுக்கும் கொடுக்கிறார்கள். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் காசு இருக்கிறது. என் வீட்டுக்காரரும் 1980-களில் ஒரு சிறுபத்திரிகை நடத்தினார். நாலு இதழ். நானூறு பிரதி அச்சடித்து, முந்நூறு பரணில் கிடந்தது. மூன்றாவது இதழுக்கு என் வளையல் அடகுக்குப் போனது, ஆனால் அச்சுக் கோக்கிறவருக்கு ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொள்வதும், வெளியாள் வந்தால் முகத்தைத் திருப்புவதும் அங்கேயும் இருந்தது, மறைக்கவில்லை. நஷ்டம் மட்டும் நடத்தியவர் தலையில் விழுந்தது, அடுத்த வீட்டுப் பிள்ளை தலையில் இல்லை.

பெரிய கம்பெனிகள் யோக்கியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வோக்கை நடத்துகிற கோண்டே நாஸ்ட் மேல் 2013-ல் அமெரிக்காவில் இரண்டு பழைய இன்டர்ன்கள் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். கம்பெனி 58 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இனிமேல் கூலி கொடுக்கிறோம் என்று சொல்லவில்லை, அங்கே அந்த இன்டர்ன்ஷிப்பையே நிறுத்தியது. ஆனாலும் பெரிய வீட்டின் மேல் வழக்காவது போட முடிகிறது. சின்ன இதழில், "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று தோளில் கைபோட்டுப் பேசுகிற ஆசிரியர் மேல் எந்தப் பெண் வழக்குப் போடுவாள்? போட்டால் அந்த வட்டத்தில் அடுத்த கதவு திறக்குமா?

பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. மூன்று மாதம், ஆறு மாதம், இரண்டு இதழ், மூன்று இதழ் என்று காத்திருக்கலாம். காத்திருக்க முடிந்தவர்கள் உள்ளே, முடியாதவர்கள் வெளியே. பிறகு அவர்களே ஆசிரியர் ஆகி, "திறமைக்கு மட்டும்தான் இங்கே இடம்" என்று பேட்டி கொடுப்பார்கள். இத்தாலியைச் சேர்ந்த ஜூலியா மென்சித்தியேரி என்ற மானிடவியலாளர் பாரிஸ் ஃபேஷன் உலகத்தில் இருந்து பார்த்து 2018-ல் ஒரு புத்தகம் எழுதினார். கூலிக்குப் பதில் கடைக் கூப்பன் வாங்கிக்கொண்டு, விலை உயர்ந்த பையோடு நடந்து, வீட்டு வாடகை கட்ட முடியாமல் தவிக்கிறவர்களைப் பற்றி அதில் இருக்கிறது. அந்தப் பையை நம் பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். வாடகை பாக்கியை யார் படம் எடுத்துப் போடுகிறார்கள்?

அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு வீடியோ காலில் சொன்னேன், "ஒரு மெயில் எழுது கண்ணு. இது வேலையா, பயிற்சியா? வேலை என்றால் மணிக்கு எவ்வளவு? இரண்டே கேள்வி, மரியாதையாகக் கேள்." அவள் பயந்தாள். "கேட்டா இடம் போயிடும் பாட்டி." அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்க டீச்சர், எப்படியாவது அனுப்பிடறேன்" என்றான். நான் விடவில்லை. வற்புறுத்தித்தான் எழுத வைத்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. அவள் கேட்ட இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. ஆர்வத்துக்கு நன்றி, இந்த சீசனுக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்று இரண்டு வரி.

இப்போது லூயிஷம் பக்கத்தில் உடுப்புகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கிற ஒரு கடையில் சேர்ந்திருக்கிறாள். மணிக்கூலி, வாராவாரம் கணக்கில் விழுகிறது. வேறு பத்திரிகைகளுக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள், முதல் மெயிலிலேயே சம்பளம் கேட்டு. எனக்கு மூன்று நாளாக போன் செய்யவில்லை. அவள் அப்பன் நேற்று வந்து பிளவுஸ் துணியை அளவெடுத்துக்கொண்டு போனான். கூலியைக் கேட்டேன், சொல்லாமல் போய்விட்டான். சாயங்காலம் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.