கோட்டுக்கு வெளியே நிற்பவர்

வணிகப் பெருமக்கள் இருவர் சந்தித்தால், சரக்கு விலைக்கு அடுத்தபடியாகப் பேசுவது ஆள் பஞ்சத்தைத்தான். "தொழில் கற்றுக்கொடுத்தேன், ஆறே மாதத்தில் பெரிய கடைக்குப் போய்விட்டான்" என்கிறார் ஒருவர். "நான் கல்லாவை விட்டு எழுந்தால் வியாபாரமே நின்றுவிடுகிறது" என்கிறார் மற்றவர். இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே என்பது நமது கருத்து. அதை விளக்க விளையாட்டு மைதானத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதுவும் தூரத்தில் இல்லை, நம் கடலூரில்தான்!

2004 டிசம்பர் 26-ல் சுனாமி நம் கடற்கரையைச் சூறையாடியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதில் பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண் பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கால்பந்து கற்றுக்கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அவர் உருவாக்கிய இந்திரா காந்தி அகாடமி அணி, 2018-ல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளுள் ஒன்று. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார்; தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார்.

பயிற்சியாளரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விசில் ஊதியபின் அவர் கோட்டைத் தாண்டி உள்ளே போக முடியாது. தொண்ணூறு நிமிடமும் முடிவெடுப்பவர்கள் ஆடுபவர்களே. ஆகவே தாம் இல்லாமலே ஆடத் தெரிந்தவர்களை அவர் முன்கூட்டியே வளர்த்தாக வேண்டும். நாமோ ஒரு பொட்டலம் மடிப்பதற்கும் உள்ளே புகுந்து கைவைக்கிறோம்!

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் ரஹீம் செய்ததும் கவனிக்கத்தக்கது. தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். வேறொருவராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். தென் கொரியாவை 2-1 என வென்ற இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் அந்த ஜர்னைல் சிங் போட்டது. கணக்கில் தடுமாறும் ஆள் வாடிக்கையாளரிடம் பேசுவதில் கெட்டிக்காரனாக இருக்கலாம். அவனைத் திட்டுவதை விட இடம் மாற்றுவது லாபம்.

"பொறுப்பைக் கொடுத்தால் கல்லாவில் கை வைப்பானே?" என்று சிலர் கேட்பீர்கள். பயம் நியாயமானதே. முழுக் கடையையும் ஒரே நாளில் ஒப்படைக்கச் சொல்லவில்லை. முதலில் எண்ணெய், பருப்பு என ஒரு பகுதியின் இருப்பும் கொள்முதல் பட்டியலும் அவன் பொறுப்பாகட்டும். இரவில் இருப்பையும் விற்பனையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு கண்டால் கடை அடைத்தபின் தனியே சொல்லுங்கள். வாடிக்கையாளர் முன் வாங்கிய வசவை எந்த ஆளும் மறப்பதில்லை. நல்லதை மட்டும் நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் தட்டிக்கொடுத்தலால் யாரும் நிலைத்துவிடுவதில்லை. விளையாடும் பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் பிற்பாடு ஒரு வேலையும் வேண்டியிருப்பதுபோல, நம் ஆளுக்கும் தேதி தவறாத சம்பளமும் வார விடுமுறையும் நாளை என்ன ஆவோம் என்ற தெளிவும் வேண்டும். பெரிய கடைகள் இவற்றைக் காட்டித்தான் நம் ஆட்களை இழுக்கின்றன.

திருப்பாதிரிப்புலியூரிலும் முதுநகரிலும் சிதம்பரம் வீதிகளிலும் நன்றாக நடந்த எத்தனையோ மளிகைக் கடைகள், முதலாளி படுக்கையில் விழுந்த மாதமே நொடித்திருக்கின்றன. சரக்கு இருந்தது, வாடிக்கை இருந்தது. நடத்த ஓர் ஆள் இல்லை. வாரத்தில் ஒரு நாள் முற்பகலாவது கல்லாவை விட்டு விலகி, கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். கடை ஓடினால் நிம்மதி. ஓடாவிட்டால், எங்கே பயிற்சி தேவை என்பதாவது தெரியும்.