வீல் சிலிண்டரும் வாகனத்தின் வயதும்

மாருதி 800இன் பின்சக்கர டிரம்மில் வீல் சிலிண்டர் கசிந்தால், பிரேக் ஆயில் ஷூவை நனைத்துப் பிடிப்பைக் குலைக்கும். இருபக்கச் சிலிண்டர்களையும் நனைந்த ஷூக்களையும் மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றினால் வண்டி மீண்டும் நம்பத்தக்கதாகும். ஆயினும் தில்லியில் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது பதிவுத் தேதியே. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்கள் அங்கு ஓடலாகாது என உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டது. 2021இன் மத்திய விதிகளோ, 50 ஆண்டு கடந்தவற்றையே தொன்மை வாகனங்களாக ஏற்கின்றன. 1983இல் சாலைக்கு வந்த மாருதி இவ்விரண்டுக்கும் இடையே சிக்கியுள்ளது.

தில்லியின் நச்சுக்காற்று மறுக்கவியலாத உண்மை. எனினும் ஒவ்வொரு வண்டியின் புகையையும் பிரேக்கையும் சோதித்து முடிவெடுப்பதே நியாயம். பேணியவருக்கும் கைவிட்டவருக்கும் ஒரே தண்டனை எனில், பழுதுபார்க்கும் கைத்திறனை எவர் கற்பார்?